நாலு வெள்ளி லோரி

வீடு மாற்றப் போகிறவனிடம் மூன்று பேர் வந்து மூன்று விலை சொன்னால், அவன் அந்த மூன்றையும்தான் சீர்தூக்கிப் பார்ப்பான். நான் பார்த்தது நாலாவது விலையை. அது எனக்குச் சொன்ன விலையே இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன விலை, பலகைச் சுவர் வழியாக என் காதில் வந்து விழுந்தது.

அப்போது நாங்கள் மலாயாவில், குளுவாங்கில் குடியிருந்தோம். ரப்பர் விலை சரிந்து, தோட்டங்களில் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்த காலம். வயிற்றுக்கே பஞ்சம் வந்தபிறகு துணிக்கடைப் பக்கம் யார் வருவார்கள்? நான் துணி அளந்து கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கடையை முதலாளி மூடிவிட்டார். மூடும்போதும் மனசாட்சியோடு மூடினார். பத்து பாகாட் என்ற ஊரில் அவருக்குத் தெரிந்த ஒருவரின் ஜவுளிக்கடைக்கு என்னைப் பற்றி எழுதிப்போட்டார். அங்கிருந்து வந்த பதில் நாலே வரி. ஒன்றாம் தேதி காலை கடை திறக்கும்போது வாசலில் ஆள் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று இருந்தது. அந்தக் காலத்தில் ‘வேறு ஆள்’ என்பது வெறும் பேச்சில்லை. ஒவ்வொரு கடை வாசலிலும் நாலு வேறு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

கையில் பத்து நாள் இருந்தது. நான் மூன்று பேரிடம் விலை கேட்டேன். விலையெல்லாம் வெள்ளியில்தான், மலாயா டாலரை அப்படித்தான் சொல்வோம்.

முதலில் வந்தவர் மாட்டுவண்டிக்காரர். வீட்டுக்குள்ளேகூட வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

“ரெண்டு வண்டி வேணும் தம்பி. வண்டிக்கு மூணு வெள்ளி. ரெண்டு நாளு. மாட்டுக்குத் தீனி என்னோடது, எங்க ரெண்டு பேருக்கும் சோறு உங்களோடது.”

“ரெண்டே நாள்ல போயிருவீங்களா?”

“மழ பேஞ்சா மூணு. நாளு தவறாமப் போகணும்னு மாட்டுக்கு நான் கடுதாசியா போட முடியும்?”

இரண்டாவது ஆள் ஒரு பழைய லோரி வைத்திருந்தவர். ஏழு வெள்ளி என்றார். ஏற்றுவதும் இறக்குவதும் என் பாடு, மழை வந்தால் தார்ப்பாய்க்குத் தனிக் கூலி. “வழியில டயர் வெடிச்சா?” என்று கேட்டேன். “அது நம்ம ரெண்டு பேரு தலையெழுத்து அண்ணே” என்றார். இப்படிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். பிடித்ததற்காக மனைவியின் தையல் மெஷினை அவர் லோரியில் ஏற்ற முடியுமா?

மூன்றாவது, கடைத்தெருக் கோடியில் லோரிப் பட்டறை வைத்திருந்த சீன முதலாளி, ஊருக்கே தவுக்கே. தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றி ஏற்றியே தமிழ் கற்றுக்கொண்டவர். அவர் மட்டும்தான் வீட்டுக்குள் வந்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டில், இரண்டு டிரங்குப் பெட்டி, மெஷின், கோழிக்கூடு எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றினார். ஆட்டுக்கல்லை மட்டும் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“இது பேயி மாதிரி கனம். பதினொண்ணு வெள்ளி. ஏத்தி, எறக்கி, வீட்டுக்குள்ள வெச்சு. ரெண்டு ஆள் என் ஆள். ஒடைஞ்சா நான் குடுக்கும் லா.”

அன்றிரவே நாள்காட்டித் தாளின் பின்பக்கம் மூன்றையும் எழுதினேன். நான் துணிக்கடை ஆள். அகலம் கேட்காமல் கெஜ விலையை மட்டும் கேட்டுவிட்டு, “எதிர்க்கடையில இதவிட மலிவாச்சே” என்று போகிறவர்களைப் பார்த்து எத்தனையோ முறை உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். ஒடுக்கமான துணி கெஜத்துக்கு மலிவாகத்தான் இருக்கும், சட்டைக்குப் போதாது. அதே கண்ணால் பார்த்தேன். ஏழு வெள்ளி லோரிக்கு இங்கே இரண்டு கூலியாள், அங்கே இரண்டு கூலியாள், தார்ப்பாய் எல்லாம் சேர்த்தால் பத்துக்கு வந்துவிடுகிறது. வண்டியில் போனால் மனைவிக்கும் கைக்குழந்தைக்கும் பஸ் கூலி தனி, பாதி வழியில் ஆயர் ஹீத்தாமில் ஓர் இரவு தங்கல், வண்டிக்காரர்களுக்கு நாலு வேளைச் சோறு. மழை பெய்தால் வேலையும் போய்விடும். பதினொன்று அதிகமில்லை என்று ஆனது.

“பதினொண்ணே இருக்கட்டுங்க” என்றாள் மனைவி. “நாம எறங்குனதும் ஆட்டுக்கல்ல எங்க வெக்கணும்னு கேட்டு வெச்சுட்டுப் போவான்ல.”

மறுநாள் போய் முன்பணம் கொடுத்துவிடுவதாக இருந்தேன். காலையில் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் குரல் கேட்டது.

“தவுக்கே நாலு வெள்ளி எண்டுதான் சொன்னவன். முப்பதாம் திகதி காலமை லோரி வரும்.”

நாலு வெள்ளி! அதே தவுக்கே, அதே லோரி!

பக்கத்து வீட்டில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கம்பெனி ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவரைப் பற்றி ஒரு குறை சொல்லச் சொன்னால் என்னால் சொல்ல முடியாது. குறை இல்லாததுதான் எனக்குக் குறை. காலை ஏழு மணிக்கு மேல்சட்டையில் ஒரு சுருக்கமில்லாமல் இறங்கிப் போவார். அந்தச் சட்டைத் துணியை நான்தான் கிழித்துக் கொடுத்தேன். அதே பீஸில் எனக்கும் இரண்டு கெஜம் எடுத்துத் தைத்துக்கொண்டேன். அவர் மேல் துரை சட்டை மாதிரி இருந்தது, என் மேல் தலையணை உறை மாதிரி இருந்தது. வாடகை வாங்க வருகிற வீட்டுக்காரன் அவரிடம் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசுவான். என்னிடம் வரும்போது மறுபடி மாட்டிக்கொள்வான். அவர்களிடம் பித்தளைக் குமிழ் வைத்த இரும்புக் கட்டில் இருந்தது, ஆளுயரக் கண்ணாடி அலமாரி இருந்தது, கிராமபோன் இருந்தது. எங்களிடம் ஐந்து கோழி இருந்தது. அவற்றில் இரண்டு அவர்கள் வீட்டுப் பின்பக்கம் போய்த்தான் முட்டையிடும். அவர் மனைவி அந்த முட்டைகளைத் துடைத்துக் கிண்ணத்தில் வைத்துத் திருப்பிக் கொடுப்பார். அதுவும் எனக்குத் தாங்காது.

“கேட்டியா?” என்றேன் மனைவியிடம். “அவ்வளவு சாமானுக்கு நாலு. நம்ம ஆட்டுக்கல்லுக்குப் பதினொண்ணு.”

“அவங்களும் கெளம்புறாங்களா? சொல்லவே இல்லியே. எங்கன்னு...” என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்கக் கூடாது. போகிற காரியம் கெட்டுவிடும். எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். நாங்கள் போவதையும் சாமான் கட்டிய பிறகுதான் வெளியே சொல்வது என்று இருந்தோம், கண் பட்டுவிடும் என்று. அதனால் அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்காததை நானே நிரப்பிக்கொண்டேன். கம்பெனியில் உயர்த்தியிருப்பார்கள், ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ பெரிய ஆபீசுக்கு மாற்றியிருப்பார்கள், வெள்ளைக்காரன் சொல்லி லோரிக்கு விலை குறைத்திருப்பார்கள். எனக்கு வேலை போகிறது, அவருக்கு உயர்வு வருகிறது. அதிலும் அவருக்கு நாலு வெள்ளி.

முன்பணத்தை எடுத்துக்கொண்டு போகவேண்டியவன், வெறுங்கையோடு பட்டறைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

“தவுக்கே, பக்கத்து வீட்டு ஐயாவுக்கு நாலு, எனக்குப் பதினொண்ணா? என்ன நியாயம் இது?”

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “அவன் வேற. நீ வேற.”

“என்ன வேற? அவர் சாமான் எஞ்சாமானவிடக் கொறைச்சலா?”

“அவன் சாமான் நெறைய. ஆனா வேற லா.”

அதற்கு மேல் கேட்க என் காது இடம் கொடுக்கவில்லை. அவர் வேறு, நான் வேறு. வீட்டுக்காரன் தொப்பியில் சொன்னதையே இவர் வாயால் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

“நாலுக்கு வருவியா, மாட்டியா?”

“அலமாக்! பத்து பாகாட்டுக்கு நாலு வெள்ளியா? எண்ணெய்க்கே பத்தாது. நீயே முதுகுல தூக்கிப் போ” என்றார். பட்டறையில் இருந்த கூலியாட்கள் சிரித்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கே ஆச்சரியம். ஏழு வெள்ளிக்காரர் இரண்டு முறை வந்து கேட்டார். நாலுக்குப் பக்கத்தில் ஏழு எனக்குக் கொள்ளையாகத் தெரிந்தது. ஐந்துக்குக் கேட்டேன். “அண்ணே, அஞ்சுக்கு லோரி வராது, லோரியோட படம் வேணா வரும்” என்று சொல்லிவிட்டு மூவார்ப் பக்கம் வேறு சவாரி பிடித்துப் போய்விட்டார். வண்டிக்காரரிடம் இரண்டு வண்டிக்கும் சேர்த்து நாலு என்றேன். அவர் மாட்டைத் தட்டிவிட்டார். நாட்கள் ஒன்றொன்றாய்ப் போயின. மனைவி கேட்கும்போதெல்லாம் “பாத்துக்கிட்டிருக்கேன்” என்றேன். உண்மைதான். சுவரிடுக்கில் அவர்கள் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் தேதிக்கு மூன்று நாள் முன்பு, பக்கத்து வீட்டு அம்மாள் எங்கள் வாசலுக்கு வந்தார். என் மனைவியைத் ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவார்.

“தங்கச்சி, உங்களுக்கு எங்கட அலுமாரி வேணுமெண்டா எடுங்கோவன். பன்னிரண்டு வெள்ளி தந்தாப் போதும். கண்ணாடி ஒரு கீறல் இல்லை.”

என் மனைவியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்த அலமாரியின் மேல் அவளுக்கு இரண்டு வருஷத்து ஆசை. எனக்கு வேறு மாதிரி விழுந்தது. பெரிய ஊருக்குப் போகிறார்கள், புதிது வாங்கப் போகிறார்கள், பழையதை நம் தலையில் கட்டுகிறார்கள்.

“வேணாங்கம்மா” என்று உள்ளேயிருந்து நானே குரல் கொடுத்தேன். “அடுத்தவங்க கழிச்சுப் போட்டதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்ல. நாங்க புதுசாவே வாங்கிக்குவோம்.”

அந்த அம்மாள் “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முப்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு நாலு வெள்ளி லோரி வந்து நின்றது. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். கட்டில் போயிற்று, அலமாரி போயிற்று, மேசை, நாற்காலி, கிராமபோன். எவ்வளவு பதமாக ஏற்றினார்கள்! தார்ப்பாயைக் கட்டிய கட்டைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டில் சாமான் பாதி கட்டியும் பாதி கட்டாமலும் கிடந்தது. மறுநாள் காலை நான் பத்து பாகாட்டில் நிற்க வேண்டும். எப்படிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நிலையிலும் என் மனசு அவர் தார்ப்பாயில் இருந்தது.

லோரி புறப்பட்டது. அவர்கள் ஏறவில்லை. வாசலில் நின்று அது தெருமுனையில் மறையும்வரை பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். ரயிலில் வருவார்கள் போலிருக்கிறது, இரண்டாம் வகுப்பில், என்று அதற்கும் எரிந்தேன்.

மனைவி அடுப்பில் உலை வைத்திருந்தாள். அரிசி வேகவில்லை, லோரி திரும்பி வந்துவிட்டது. பின்பக்கம் காலி. கூலியாட்களில் ஒருவன் தமிழ்ப் பையன். இறங்கி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

“என்னப்பா, அதுக்குள்ளயா வந்துட்டீங்க?” என்றாள் மனைவி.

“ஏலக்கடைக்குத்தானேக்கா? இங்க இருக்குற ஸ்டேசனுக்கு அந்தாண்ட. எறக்கிப் போட எவ்ளோ நேரம்? கயிறு ஒண்ண மறந்துட்டோம்னு வந்தோம்.”

“ஏலக்கடையா?”

“ஆமா. எல்லாத்தையும் ஏலத்துக்குப் போட்டுட்டாங்க. ஆபீசு மூணு மாசத்துக்கு முந்தியே மூடியாச்சே, தெரியாதா? கப்பலுக்குக் காசு சேந்தா ஊருக்குப் போறாங்களாம்.”

அப்படியானால் மூன்று மாதமாகக் காலை ஏழு மணிக்கு அந்தச் சட்டையோடு அவர் இறங்கிப் போனது வேலை தேடித்தான். நாலு வெள்ளி ஒரு மைலுக்கு. பதினொன்று முப்பத்துச் சொச்சம் மைலுக்கு, அதிலும் ஆட்டுக்கல்லோடு. அகலம் கேட்காமல் கெஜ விலையைப் பார்த்தவன் நான்தான். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “பன்னண்டு வெள்ளிக்கு அலமாரி வேணுமான்னு கேட்டாங்களே” என்று மட்டும் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

வெட்கப்பட உட்கார்ந்தால் வேலை போய்விடும். வாசலுக்கு ஓடி டிரைவரைப் பிடித்தேன். இன்றே பத்து பாகாட்டுக்கு வரமுடியுமா என்றேன்.

“நாளைக்கு அன்னாசி ஏத்தணும். தவுக்கேதான் சொல்லணும்” என்றார் அவர். பிறகு என்னை அடையாளம் கண்டு சிரித்தார். “நீங்கதானே அந்த நாலு வெள்ளிக்காரரு? இப்ப போய்க் கேட்டீங்கன்னா தவுக்கே இருபது சொல்லுவாரு. அதுவும் மூடு நல்லா இருந்தா.”

இந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அவர் பனியனோடு வெளியே வந்தார். அவரைச் சட்டையில்லாமல் நான் பார்த்ததே இல்லை. பின்னால் கதவு வழியே தெரிந்த வீடு வெறுமையாக இருந்தது.

“என்ன ஐசே, என்ன பிரச்சினை?”

சொன்னேன். வேலை, ஒன்றாம் தேதி, லோரி. நாலு வெள்ளிக் கதையை மட்டும் விழுங்கிவிட்டேன். டிரைவர் விழுங்கவிடவில்லை, அவரே எடுத்துச் சொன்னார்.

“என்னட்டக் கேட்டிருக்கலாமே” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“கெளம்புறவங்கள எப்படிங்கய்யா...”

“ஓம், ஓம். எனக்கும் அது வசதியாய்த்தான் போச்சு. ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை.”

உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, அதே லோரியில் டிரைவர் பக்கத்தில் ஏறிப் பட்டறைக்குப் போனார். அரைமணியில் திரும்பி வந்தார். இரண்டு கூலியாட்களும் தார்ப்பாயோடு அதே லோரியில் இருந்தார்கள்.

“பதினொண்டுதான். முதல் சொன்ன விலை. ஏத்தி, இறக்கி, உள்ளுக்கை வைக்கிறது. நான் தவுக்கேயிட்ட ஒண்டு மட்டும் சொன்னனான், இந்தாள் இண்டைக்குப் போகாட்டி இவனுக்கும் என்ர கதைதான் எண்டு.”

அந்த இடத்தில் நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது என்ன தெரியுமா? அவர் போய்ச் சொன்னால் தவுக்கே கேட்கிறார், நான் போனால் சிரிக்கிறார் என்ற எரிச்சல். வேலை போனவர், வீடு காலியானவர், அந்த நிலையிலும் அவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. என் பொறாமைக்கு வெட்கமே கிடையாது.

சாமான் ஏற்ற அவரும் வந்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. ஆட்டுக்கல்லுக்கு ஒரு பக்கம் கூலியாள், ஒரு பக்கம் அவர். அதிலும் அவர் பக்கம் சரியவில்லை. அந்த அம்மாள் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டார். மனைவி இரண்டு கோழியைப் பிடித்து அவர் கையில் கொடுத்தாள். என்னைக் கேட்கவில்லை. எந்த இரண்டு என்று நான் பார்த்தேன். நியாயமான இரண்டுதான்.

பதினோரு மணிக்குப் புறப்பட்டோம். முன்னால் டிரைவர், மனைவி, மடியில் குழந்தை, கதவோரம் நான். ஆயர் ஹீத்தாம் வரும்வரை மனைவி பேசவில்லை. அதற்கப்புறம் நிறுத்தவில்லை.

“சட்டைய மாட்டிக்கிட்டுல்ல போனாரு, நமக்காக.”

“ம்.”

“தனக்கு இல்லைன்னாலும் அடுத்தவங்களுக்கு நிக்கிறதுக்கு ஒரு மனசு வேணும்.”

“ம்.”

“எல்லாருக்கும் வராதுங்க அது.”

டிரைவரும் தலையாட்டினார். வழியெல்லாம் ரப்பர் மரம், அன்னாசிக் காடு, நடுவில் அவர் புகழ். அவள் என்னைப் பற்றி அப்படி ஒரு மைல் தூரத்துக்காவது பேசியதுண்டா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். பத்து பாகாட் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. கூலியாட்கள் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ஆட்டுக்கல்லை எங்கே வைப்பது என்று மனைவியைக் கேட்டே வைத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் குளித்து, அவர் துணியிலேயே தைத்த அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் போய் நின்றேன். என்னோடு இன்னும் இரண்டு பேர் நின்றார்கள், வேலை உண்டா என்று கேட்க வந்தவர்கள். முதலாளி சாவிக்கொத்தோடு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“குளுவாங் ஆளு நீதானா?”

“ஆமாங்க முதலாளி.”

“உள்ள வா” என்று கதவைத் திறந்தார்.

அந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நான் உள்ளே போய்க் கெஜக்கோலை எடுத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றேன். இந்த இடத்தில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தால் என்னைவிட நேராக நின்றிருப்பார் என்று தோன்றியது. முதுகைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டேன்.